உயர்நிலைப் பள்ளியில் உடல்நலக் கல்வியும் தொழில் ஆயத்தமும்

(பஞ்சாயத்துத் தலைவர்கள், உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோருக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நேற்றும் இன்று காலையும் குடிநீர்த் தொட்டி, இணைப்புச் சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால் ஆகியவை குறித்து விரிவாகப் பேசினோம். இப்பொழுது நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அவற்றினின்றும் சற்று வேறானது. நம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு உடல்நலக் கல்வியும், விளையாட்டில் ஏற்படும் காயங்களைப் பேணும் அறிவும், படிப்பு முடிந்ததும் ஒரு தொழிலில் இறங்குவதற்கான ஆயத்தமும் எவ்வாறு கிடைக்கச் செய்வது என்பதே அது. "பள்ளிக்கூடம் கல்வித் துறையின் பொறுப்பு, தலைமையாசிரியர் இருக்கிறார், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துக் காட்டவே இங்கு நிற்கிறேன்.

சற்று முன் நான் இம்மேடையில் ஏறியபோது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வயது காரணம் அன்று. எனக்கு இன்னும் 50 ஆகவில்லை. 1996ஆம் ஆண்டு பொங்கல் விழாவில் எங்கள் ஊர் மைதானத்தில் கபடி ஆடினேன். அப்பொழுது எனக்கு வயது 16. ஒருவரைப் பிடிக்கத் திரும்பியபோது இடது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் பானை போல வீங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் காலைப் பிடித்து இழுத்தார். மற்றொருவர் சூடான எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தார். மூன்றாம் நாள் வீக்கம் சிறிது குறைந்தவுடன், "நம் ஊர் தோற்கலாமா?" என்று கேட்டு என்னை மீண்டும் ஆட்டத்தில் இறக்கினார்கள். நானும் மகிழ்ச்சியோடுதான் இறங்கினேன்.

நான்கு மாதம் கழித்து, நொண்டி நடந்த பிறகே, ஒரு மருத்துவரிடம் சென்றோம். முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் முதல் நாளே அறுந்துவிட்டது என்றும், அறுந்த காலோடு ஆடியதனால் மூட்டுக்குள் இருந்த குருத்தெலும்பும் தேய்ந்து கிழிந்துவிட்டது என்றும் அவர் கூறினார். காவல்துறையில் சேர வேண்டும் என்பது என் தந்தையின் ஆசை; என் ஆசையும் அதுவே. ஓட்டத் தேர்வில் கலந்துகொள்ளவே இயலாமல் அந்த ஆசை முடிந்தது.

நான் எவரையும் குறைகூறவில்லை. அன்று என்னைத் தூக்கியவர்கள் அனைவரும் அன்பினாலேயே அவ்வாறு செய்தார்கள். ஆனால் மைதானத்தைச் சுற்றி 200 பேர் நின்றார்கள். அந்த 200 பேரில், "காலை இழுக்காதீர்கள், தேய்க்காதீர்கள், அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் உண்டாக்குவதுதான் நான் இன்று பேசப்போகும் கல்வியின் முதல் பயன். அந்த ஒருவருக்கு அவ்வறிவே பின்னர் ஒரு கௌரவமான பிழைப்பாகவும் அமைய வழி செய்வது இரண்டாவது பயன்.

இக்கல்வியின் வரலாறு

இது புதிய யோசனை அன்று. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1952இல், இடைநிலைக் கல்வியை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அவர் புகழ் பெற்ற மகப்பேறு மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கியவர். 1953இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, ஏட்டுக் கல்வி ஒன்றை மட்டும் கற்பிக்காமல், விவசாயம், வாணிகம், தொழில்நுட்பம், மனையியல் முதலிய பல பிரிவுகளைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. மாணவரின் உடல்நலம் பற்றியும் அது பேசியது. ஆசிரியர்களில் சிலருக்கு முதலுதவியிலும் சுகாதார அடிப்படைகளிலும் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை இன்றும் ஒவ்வொரு பள்ளியிலும் நாம் நிறைவேற்றிவிட்டோமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதன்பின் 1964 முதல் 1966 வரை டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் இயங்கிய கல்விக் குழுவும் தொழிற்கல்வியை வற்புறுத்திற்று. நம் மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பட்டது. விவசாயம், மின் பொறியியல், இயந்திரப் பொறியியல், அலுவலக மேலாண்மை முதலியவற்றோடு செவிலியமும் அப்பிரிவில் ஒரு பாடமாக உள்ளது. உடலின் அமைப்பு, முதலுதவி, நோயாளியைப் பேணும் முறை ஆகியவற்றை மாணவர்கள் வகுப்பிலும் செய்முறையிலும் கற்கிறார்கள். இப்பாடம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. இருக்கும் பள்ளிகளிலும் பெற்றோர் பலர் அதனை மதிப்பதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றிய வழிகாட்டுதலும் அளிக்கப்பட்டு வருகிறது.

அமெரிக்க நாட்டில் 1917ஆம் ஆண்டிலேயே பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது முதலில் விவசாயத்துக்கும், கைத்தொழிலுக்கும், மனையியலுக்கும் உரியதாக இருந்தது. இன்று அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு மருத்துவம் ஒரு விருப்பப் பாடம். எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் அமைப்பைப் படித்து, பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று கட்டுக் கட்டவும், காயத்தைப் பார்த்து யாரை அனுப்பவேண்டும் என்று அறியவும் மாணவர்கள் பழகுகிறார்கள்.

அந்த நாடும் இதனை இலகுவாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2006ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன் பள்ளிப் பந்தாட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டான். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தான். மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆயினும் பேச்சும் நடையும் திரும்ப நெடுங்காலம் ஆயிற்று. 2009இல் அம்மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் செய்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்த மாத்திரத்தில் பிள்ளையை ஆட்டத்தினின்றும் நீக்க வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்து மூலம் அனுமதி தரும் வரை திரும்ப ஆடவிடக் கூடாது என்பதே அச்சட்டத்தின் சாரம். 2014ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை ஏற்றன. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விழாக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டாலே போதும்.

மைதானத்தில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

விளையாட்டு மருத்துவம் என்றவுடன் பெரிய கருவிகளும் பெரும் செலவும் நினைவுக்கு வரலாம். உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க வேண்டியவை அவையல்ல. ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் ஒரு மைதானத்தைக் காக்கக்கூடிய சில விதிகளை இங்கே கூறுகிறேன்.

கணுக்கால் பிசகினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து எடுக்கலாம். வெறும் பனிக்கட்டியைத் தோலின் மேல் வைக்கலாகாது. மீள்தன்மையுள்ள துணிக்கட்டால் அளவாகச் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள்களுக்குச் சூடு வைப்பதும் தேய்ப்பதும் வீக்கத்தை அதிகமாக்கும். நான்கு அடி நடக்க இயலவில்லை என்றாலும், எலும்பின் மேல் தொட்டால் கடுமையாக வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முழங்காலில் சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், அது சாதாரணப் பிசகு அன்று. மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் கால் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. இந்த ஒரு விதியைச் சொல்ல 1996இல் எனக்கு ஒருவரும் இல்லை.

கை, கால் எலும்பு முறிந்தது போலத் தோன்றினால், கண்ட நிலையிலேயே அசையாமல் ஒரு தாங்கு வைத்துக் கட்ட வேண்டும். நேராக்க முயலக் கூடாது. கட்டு இறுகலாகாது. கட்டுக்குக் கீழே விரல்கள் வெளுத்தாலும், நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும் உடனே தளர்த்த வேண்டும். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்துக்குள் தசை அழிந்து, கை நிரந்தரமாக மடங்கிவிடுவதுண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிக்குரிய குருத்துப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஏற்படும் முறிவைச் சரியாகக் கவனிக்காவிட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். பல் முளைக்காத கன்றை நுகத்தடியில் பூட்டுவோமா? உழவு மாட்டுக்குக் கால் பிசகினால் மறுநாள் ஏரில் கட்டுவோமா? மாட்டுக்குக் காட்டும் அந்த விவேகத்தை நம் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.

பல் முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு சென்றால் அதனைத் திரும்பப் பொருத்தக்கூடும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னே சாய்க்காமல், சற்று முன்னே குனிய வைத்து, மூக்கின் மெல்லிய பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெயிலில் ஓடிய பிள்ளை உளறினாலும் மயங்கினாலும், முதலில் நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குளிர்வித்துக்கொண்டே 108 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் விடக் கூடாது. பெரியவர் ஒருவர் நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

விவசாயப் பெருமக்களே, இவ்வறிவு மைதானத்தோடு நிற்பதில்லை. முறிந்த காலை அசையாமல் வைக்கப் பழகிய பிள்ளை, வயலில் பாம்பு கடித்தவரையும் அவ்வாறே அசையாமல் வைத்து, கடிவாயைக் கீறாமலும், உறிஞ்சாமலும், கயிற்றால் இறுக்காமலும், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை என்று சொல்லும். மைதானத்தில் வெயில் மயக்கத்தை அறிந்த பிள்ளை, சித்திரை மாதத்தில் களத்துமேட்டில் தன் தந்தை தடுமாறும்போதும் அதனை அறியும்.

ஒரு மாணவி செய்த காரியம்

சென்ற ஆண்டு நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு நான் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நீளத் தாண்டலில் கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டுக்கு மேலே வளைந்துவிட்டது. கூடியிருந்தவர்களில் ஒருவர் வழக்கம்போல் கையைப் பிடித்து இழுக்க முன்வந்தார். அப்பொழுது செவிலியப் பிரிவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், "ஐயா, தொடாதீர்கள்" என்று உரத்துச் சொன்னாள். அவள் குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் கைகளில் இல்லை. ஒரு செய்தித்தாளைப் பல மடிப்பாக மடித்துக் கையின் கீழே வைத்தாள். தோழியர் கொடுத்த இரண்டு துப்பட்டாக்களால் கட்டித் தூளி போல் கழுத்தில் தொங்கவிட்டாள். விரல்களின் நிறத்தைப் பார்த்தாள். பின்னரே வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

எலும்பின் வளரும் முனைக்கு அருகில் முறிவு என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. கையை இழுத்திருந்தால் கேடு பெரிதாகியிருக்கும் என்று மருத்துவர் கூறினார். இன்று அச்சிறுவன் அக்கையால்தான் எழுதுகிறான்.

அந்தப் பெண்ணின் தந்தை விவசாயக் கூலித் தொழிலாளி. "செவிலியம் படித்தால் பிறர் அசுத்தத்தைக் கழுவும் வேலைதானே கிடைக்கும், பத்தாம் வகுப்பே போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். விழா முடிந்த மறுவாரம் அவர் தாமாகவே தலைமையாசிரியரிடம் வந்து, "இதற்கு மேல் இவள் என்ன படிக்கலாம்? அதற்கு இப்பொழுதே என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாராம். ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி அது. தொழில் ஆயத்தம் என்று நான் கூறுவதன் பொருளும் அதுவே.

தொழிலுக்குச் செல்லும் வழி

தொழில் ஆயத்தம் என்பது விண்ணப்பம் எழுதக் கற்பிப்பது மாத்திரம் அன்று. எந்தக் கதவு எந்தச் சாவியால் திறக்கும் என்பதைப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே அறிந்திருப்பது. மருத்துவப் படிப்புக்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். நீட் தேர்வும் எழுத வேண்டும். இயன்முறை மருத்துவம் என்னும் பிசியோதெரபி படிக்க விரும்புவோருக்கும் அறிவியல் பாடங்கள் அவசியம். செவிலியத்தில் மூன்றாண்டுப் பட்டயமும் நான்காண்டுப் பட்டமும் உள்ளன. இவ்விரண்டுக்கும் தகுதி விதிகள் வெவ்வேறு. உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோருக்கு வேறு வழி. 1920ஆம் ஆண்டு சென்னையில் எச். சி. பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நாட்டுக்கே முன்னோடி. மேலக்கோட்டையூரில் இதற்கென ஒரு பல்கலைக்கழகமே இயங்குகிறது.

ஆகவே, 'ஏதோ ஒரு பிரிவு' என்று சேர்ப்பது தவறு. தொழிற்கல்விப் பிரிவில் சேரும் முன், அதிலிருந்து எந்த மேற்படிப்புக்குச் செல்லலாம், எதற்குச் செல்ல இயலாது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அவ்வாண்டின் சேர்க்கை விதிகளைப் பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டு படித்த பிறகு கதவு மூடியிருப்பதைக் காணும் பிள்ளையின் துயரம் பெரிது. அத்தகைய பிள்ளைகளை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் 60 வயதை அடைந்தோர் 100க்கு 10 பேருக்கும் சற்று மேல். நாடு முழுவதற்கும் அது 9 பேருக்குள். அதாவது, முதியோரைப் பேணும் கைகள் நமக்குப் பிற மாநிலங்கள் பலவற்றினும் அதிகமாகத் தேவை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதத்தால் படுத்தவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. அவ்வாறு வருபவர் நம் ஊர்ப் பிள்ளையாகவே ஏன் இருக்கக் கூடாது? மேற்படிப்புக்குச் செல்ல இயலாத பிள்ளைக்கும் இக்கல்வி வீணாவதில்லை. அது அக்குடும்பத்திலேயே தங்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஓடும்போது மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று நாம் திட்டுகிறோம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் ஒளித்து எறிகிறார்கள். உணவுக்குப் பின் அதனை உண்ண வேண்டும் என்றும், அதனோடு தேநீர் அருந்தினால் சத்து உடலில் சேராது என்றும், முருங்கைக்கீரையும் எலுமிச்சையும் உதவும் என்றும் ஒரு மாணவியே மற்ற மாணவிகளுக்கு எடுத்துச் சொன்னால் அதன் பயன் அதிகம். உடல்நலக் கல்வி என்பது இதனையும் உள்ளடக்கியது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

இனி, நாம் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இவற்றுள் பெரும் பணம் வேண்டுவது ஒன்றுமில்லை.

முதலாவது, மைதானம். 2024ஆம் ஆண்டு முதல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. பந்தும் மட்டையும் வந்துவிட்டன. ஆடும் இடத்தில் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கலாமா? விழாவுக்கு முன் மைதானத்தைப் பெருக்கி, கபடிக் களத்தை ஆழமாகக் கொத்தி, மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். உழவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, முதலுதவிப் பெட்டி. துணிக்கட்டுகள், சுத்தமான பஞ்சு, கத்தரிக்கோல், தாங்குப் பலகைகள், முக்கோணத் துணி ஆகியவை அதில் இருக்கட்டும். பெட்டியின் சாவி யாரிடம் என்பது ஊருக்கே தெரிய வேண்டும். பூட்டிய பெட்டியும் இல்லாத பெட்டியும் ஒன்றே. குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவரிடம், விளையாட்டு நாள்களில் ஒரு பை பனிக்கட்டி வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

மூன்றாவது, வெயில். பங்குனி முதல் ஆனி வரை காலை 9 மணிக்குப் பின்னும் மாலை 4 மணிக்கு முன்னும் ஓட்டமும் கபடியும் வேண்டாம். மைதானத்தில் குடிநீரும் நிழலும் இருக்கட்டும்.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழு. உள்ளாட்சி உறுப்பினர்களாகிய உங்களுக்கு அதில் இடம் உண்டு. கூட்டத்துக்குச் சென்று கையெழுத்திட்டுத் திரும்புவது போதாது. "நம் பள்ளியில் முதலுதவி கற்ற ஆசிரியர் யார்? செவிலியப் பாடம் பக்கத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது? நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் சேர விரும்புகிறார்கள்?" என்னும் மூன்று கேள்விகளையேனும் கேளுங்கள்.

ஐந்தாவது, ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள மருத்துவ அலுவலரையும் செவிலியரையும் அணுகி, மாதம் ஒரு பிற்பகல் பள்ளிக்கு வந்து செய்முறையாகக் கற்பிக்கும்படி வேண்டுங்கள். புத்தகத்தில் படித்த கட்டு கையில் வராது. கட்டிக் கட்டித்தான் வரும். நாற்றங்காலைப் பற்றிப் படித்தவன் நடவு செய்தவன் ஆகமாட்டான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆறாவது, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. அடுத்த சபையில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: "நம் ஊரில் நடக்கும் எந்த விளையாட்டிலும், தலையில் அடிபட்டவரையோ மூட்டு வீங்கியவரையோ மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் மீண்டும் ஆடவிடுவதில்லை." விழாக் குழுவினர் அதனைப் படித்துக் கையெழுத்திடட்டும். பரிசுக் கோப்பை போனால் அடுத்த ஆண்டு பெறலாம்.

நிறைவுரை

ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறதே, பாடத்துக்கே நேரம் போதவில்லையே என்று சில தலைமையாசிரியர்கள் என்னிடம் கூறியிருக்கிறார்கள். அவர்கள் கூறுவது உண்மைதான். தொழிற்கல்விப் பிரிவுகள் பல இடங்களில் நலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஊர் கேட்காத பாடத்துக்கு ஆசிரியர் வருவது அரிது. விண்ணப்பம் ஊரிலிருந்து போகவேண்டும். எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கோடு போகவேண்டும். அவ்விண்ணப்பத்தைப் பரிந்துரையோடு மேலே அனுப்பும் பொறுப்பை என் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் என்று இங்கே உறுதி கூறுகிறேன்.

ஊரில் ஒரு விபத்து நேர்ந்தால், மருத்துவர் வருவதற்கு முன், 108 வண்டி வருவதற்கு முன், முதலில் அருகில் நிற்பவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே. அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே பல வேளைகளில் ஒரு கையோ காலோ உயிரோ மிஞ்சுகிறது. என் முழங்கால் இனித் திரும்பி வராது. ஆனால் வருகின்ற பொங்கலுக்கு உங்கள் ஊர்களில் கபடி நடக்கும். 16 வயதுப் பிள்ளைகள் களத்தில் இறங்குவார்கள். அப்பொழுது எல்லைக்கோட்டுக்கு அருகில், முதலுதவிப் பெட்டியோடு, கற்றறிந்த ஒரு மாணவனோ மாணவியோ நிற்கும்படி செய்யுங்கள். யார் அங்கே நிற்கப்போகிறார் என்பதை இம்முகாமிலிருந்து ஊர் திரும்பிய வாரத்திலேயே முடிவு செய்து, அந்தப் பிள்ளையின் பெயரை எனக்கு ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். அக்கடிதங்களை எதிர்பார்த்திருப்பேன்.